பயனாளிகள் மேடைக்கு வரவும்

பள்ளிபாளையத்தில் துன்பப்பட்டவர்களுக்கு உதவ ஆள் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. காவிரிக்கரைக் கருணைக்கரங்கள் நலச்சங்கம் என்று ஒன்று அங்கே இருக்கிறது. அதில் தலைவர், கௌரவத் தலைவர்கள், துணைத் தலைவர்கள், செயலாளர், அமைப்புச் செயலாளர், செய்தித் தொடர்பாளர் என்று எல்லோரும் உண்டு. சாதாரண உறுப்பினர் மட்டும் ஒருவரும் இல்லை. மிச்சமிருந்த ஒரே உறுப்பினருக்கும் போன வருடம் ஒரு பதவி கொடுத்துவிட்டார்கள்.

மணியன் விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறவன். இந்தச் சங்கத்தின் பெயரைக்கூட அவன் அதுவரை கவனித்ததில்லை. சித்திரை மாதம் அவனுடைய அக்காவும் அவள் கணவரும் வண்டியில் போகும்போது பைபாஸில் லாரி மோதி இறந்துபோனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இனியாவும் தர்ஷனும் மணியனிடம் வந்து சேர்ந்தார்கள். இனியாவுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. அக்கா கண்ணில் படாமல் தர்ஷன் ஒரு நிமிடம் இருக்க மாட்டான். அவள் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பான். அவள் உள்ளேயிருந்து ‘உம்’ கொட்டிக்கொண்டே குளிப்பாள்.

மணியன் குடியிருந்தது சுவரோடு சுவராக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. ஓர் அறை, மூலையில் அடுப்பு. அதில் அவனும் மனைவி தனப்பிரியாவும் கைக்குழந்தையும் இருந்தார்கள். இப்போது மேலும் இருவர். ஆனி பிறந்ததும் வீட்டுக்காரர் பூபதி வந்தார். உயரமான மனிதர். வாசலில் நின்று குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஏனப்பா மணியா, புருசன் பொண்டாட்டி ஒரு கொழந்தைன்னு சொல்லித்தான குடி வந்தே? இப்ப பாத்தா பள்ளிக்கூடமாட்ட இருக்குது.”

“அக்கா புள்ளைங்க, உங்குளுக்கே தெரியுமுங்களே.”

“தெரியுமப்பா. தெரிஞ்சா ரூமு பெருசாயிருமா? ஆடி பொறந்துட்டா யாரும் ஊடு மாத்த மாட்டீங்க. அதுக்குள்ள வேற ஊடு பாத்துக்க. இல்லீன்னா புள்ளைங்க ரெண்டையும் ஆஸ்டல்ல சேத்து உடு. அதுங்குளுக்கும் நல்லது.”

ஆஸ்டல் யோசனையைச் சொந்தக்காரர்களும் சொல்லியிருந்தார்கள். பெண்ணுக்கு ஓரிடம், பையனுக்கு ஓரிடம். எல்லோரும் அதை நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். மணியன் ஒவ்வொரு முறையும் தர்ஷனைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவான். இரண்டு அறை உள்ள வீடு கிடைத்தால் இந்தப் பேச்சே வராது. ஆனால் அதற்குக் கேட்கிற அட்வான்ஸை அவனால் இந்த ஆடிக்குள்ளும் கொடுக்க முடியாது, அடுத்த ஆடிக்குள்ளும் கொடுக்க முடியாது.

பக்கத்துத் தறிக்காரன் ஆண்டிதான் சங்கத்தைப் பற்றிச் சொன்னான்.

“போய்க் கேளு. உந் தறியையும் சேத்து நான் பாத்துக்கறேன். நூலறுந்தா முடிஞ்சு உட எனக்கென்ன கை வலிக்குதா? போ.”

சங்கம் கூடும் இடம் தலைவர் நந்தகுமாருடைய துண்டுக் குடோனின் மாடி. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மணியன் நின்றுகொண்டே நடந்ததைச் சொன்னான். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அப்பா அம்மா ரெண்டு பேருமே போயிட்டாங்களா?”

“ஆமாங்க.”

“ஒருத்தரு ஆஸ்பத்திரியில, அப்படி இப்படின்னு எதுவும் இல்லியே?”

“இல்லீங்க. ரெண்டு பேருமேங்க.”

“நல்லது,” என்றார் தலைவர். “போன வருசம் ஒரு குடும்பத்துக்கு விழா எடுத்தோம். அப்பன் காணாமப் போயிட்டான்னு நாங்க மேடையில அழுதுட்டு இருக்கறோம், அவன் தண்ணியப் போட்டுட்டு நேரா மேடைக்கே வந்துட்டான். சங்கத்துக்கு எவ்வளவு கெட்ட பேரு, சொல்லுங்க.”

செயலாளர் இளவழகன் பட்டிமன்றங்களில் பேசுகிறவர். டீ கொண்டு வருகிறவரிடம்கூட நல்ல தமிழில்தான் சர்க்கரை குறைவு என்பார். அவர் எழுந்து மணியனின் தோளில் கை வைத்தார்.

“இன்று முதல் அக்குழந்தைகள் பயனாளிகள். தாங்கள் பயனாளிகளின் பாதுகாவலர்.”

“எம் பேரு மணியனுங்க.”

“அது தங்கள் இல்லத்தில்.”

பிறகு தீர்மானங்கள் நிறைவேறின. கூட்டத்தைக் கூட்டியதற்காகத் தலைவரைப் பாராட்டி ஒன்று. அந்தப் பாராட்டை முன்மொழிந்தவரைப் பாராட்டி ஒன்று. விழா எடுத்து நிதி திரட்டி, அந்த நிதியை மேடையில் வைத்தே பிள்ளைகளிடம் கொடுப்பது என்று மூன்றாவது. மணியன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“மேடை கீடை எதுக்குங்க? ஊட்டுக்கு அட்வான்ஸ் கட்ட ஆச்சுன்னாப் போதுமுங்க.”

தலைவர் சிரித்தார். “மேடையில குடுக்காத பணம் கடன் மாதிரி ஆயிருமுங்க. உங்குளுக்குத்தான் சங்கடம்.”

பணம் சேரத் தாமதமாகவில்லை. கேட்டால் கொடுக்கிற ஊர் அது. பாலத்தடியில் பூ விற்கிற அம்மாள் உண்டியலில் போட்டுவிட்டு, “பொண்ணு பூ வெக்குமா?” என்று கேட்டு ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தனுப்பினாள். காகித ஆலை வாசலில் டிபன் கடை வைத்திருப்பவர் அன்று காலை விற்ற இட்லிக் காசு முழுவதையும் போட்டார். இவர்களுடைய பெயரைச் சங்கம் கேட்கவில்லை. இவர்களும் சொல்லவில்லை. கடவுளுக்கு அந்தப் பெயர்கள் தெரியும் என்று நான் நம்புகிறேன்.

அந்த வாரம் பிள்ளைகளைப் படம் எடுக்கப் புகைப்படக்காரரோடு நிர்வாகிகள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு ரோசி இனியாவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைவாரி, இரட்டைப் பின்னலில் சிவப்பு ரிப்பன் கட்டி முடித்திருந்தாள். தர்ஷன் முகத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருந்தது. ரோசியும் அவள் கணவர் சவரியாரும் பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு தனியாக இருந்தார்கள். இரண்டு மாதமாக இந்தப் பிள்ளைகளின் காலைச் சாப்பாடு பெரும்பாலும் அவர்கள் வீட்டில்தான்.

இளவழகன் பிள்ளைகளைப் பார்த்துத் திகைத்தார். “இவர்கள்தாமா? துயரமே தெரியவில்லையே.”

“ரிப்பனைக் கழட்டுங்கம்மா,” என்றார் புகைப்படக்காரர். “தலையைக் கொஞ்சம் கலைச்சு உடுங்க.”

“எதுக்குங்க?” என்றாள் ரோசி.

“அனாதைப் புள்ளைங்குளுக்கு யாருங்க ரிப்பன் கட்டி உடுவாங்க?”

“நாந்தான் கட்டி உட்டேன்.”

இது கேள்விக்குப் பதில் இல்லை என்று புகைப்படக்காரர் நினைத்தார். ரோசி நகரவில்லை. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு இனியாவுக்கு முன்னால் அப்படியே நின்றாள். கடைசியில் தர்ஷன் கொட்டாவி விட்டபோது ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அழுகிற மாதிரியே வந்திருப்பதாக எல்லோரும் திருப்திப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு மணியனின் போன் ஓயவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே அது சட்டைப் பையில் அதிரும். வெளியே ஓடி வந்து எடுத்தால், பந்தல்காரரைப் பார்க்க வேண்டும், உடனே வா என்பார்கள். போனால் பந்தல்காரர் இருக்க மாட்டார். மண்டபத்துக்கு வா என்பார்கள். போனால் பூட்டியிருக்கும். பயனாளியின் பாதுகாவலர் அக்கறை இல்லாமல் இருக்கிறார் என்று யாரோ தலைவரிடம் சொல்லிவிட்டார்கள் என்று சொல்லவும் ஒருவர் கூப்பிட்டார். ஆண்டி இரண்டு பேர் தறிகளுக்கும் நடுவே ஓடி ஓடி இளைத்துப் போனான். “விழா முடியறதுக்குள்ள எனக்கும் ஒரு விழா எடுக்கோணும் போ,” என்றான்.

ஒரு நாள் சால்வை எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குத் தலைவரும் செயலாளரும் காரில் போனார்கள். மூட்டை தூக்க மணியனையும் ஏற்றிக்கொண்டார்கள். அகலச் சரிகை, ஒல்லிச் சரிகை, சரிகை இல்லாதது என்று மூன்று தரம் வேண்டியிருந்தது. யாருக்கு எது என்பதில் காரிலேயே தகராறு வந்துவிட்டது. ஒரு துணைத் தலைவருக்கு ஒல்லிச் சரிகை போட்டால் அவர் மச்சினன் விழாவுக்கு வர மாட்டான், மச்சினன் வராவிட்டால் ஜெனரேட்டர் வராது. ஆட்டோக்களுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே மணியன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தான்.

“எத்தனை பேருக்குங்க உதவி?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ரெண்டு குழந்தைகளுக்கு,” என்றார் இளவழகன்.

“சால்வை இவ்வளவு எடுத்திருக்கீங்களே?”

“உதவுகிறவர்கள் பலர் அல்லவா.”

கடைக்காரர் மூட்டையைச் சுமந்து நின்ற மணியனைப் பார்த்தார். உள்ளே போய்க் கிளி போட்ட சின்னத் துண்டுகள் இரண்டை எடுத்து வந்து அவன் பைக்குள் திணித்தார். “இதுக்குப் பில் இல்லப்பா. பசங்களுக்குக் குடு.”

நந்தகுமார் இதைப் பார்த்துவிட்டார். “அட, அப்ப உங்க பேரையும் ப்ளெக்ஸ்ல போட்டுறலாமுங்களே!”

“வேண்டாம் சார், வேண்டாம்,” என்று கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

அவர் பெயர் வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று. ப்ளெக்ஸில் இடமே இல்லை. முதலில் தயாரான படத்தில் நடுவில் இனியாவும் தர்ஷனும் இருந்தார்கள். கௌரவத் தலைவர்கள் சேர்ந்ததும் அவர்கள் மூலைக்குப் போனார்கள். சிறப்பு விருந்தினரின் முழு உருவம் வந்ததும் தபால்தலை அளவுக்குச் சிறுத்தார்கள். அமைப்புச் செயலாளரின் தம்பி படம் விட்டுப்போனது தெரிந்து பெரிய கலவரம் ஆனதில், அந்தத் தபால்தலை இடமும் அவருக்குப் போய்விட்டது. “ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஆதரவு விழா” என்ற எழுத்துக்குக் கீழே கைகூப்பிச் சிரித்த முகங்களில் ஒரு குழந்தைகூட இல்லை. ப்ளெக்ஸ் ஊர் முழுக்கக் கட்டப்பட்டது.

விழாவுக்கு முந்தின நாள் மண்டபத்தில் ஒத்திகை. பிள்ளைகள் எங்கே உட்கார வேண்டும், யார் யார் காலில் எந்த வரிசையில் விழ வேண்டும் என்று இளவழகன் காட்டிக் கொடுத்தார். பிறகு இனியாவின் உயரத்துக்குக் குனிந்தார்.

“குழந்தாய், நான் ‘அனாதை’ என்ற சொல்லை மும்முறை சொல்வேன். முதல் முறை தலை குனி. இரண்டாம் முறை தம்பியை அணைத்துக்கொள். மூன்றாம் முறை அழு.”

இனியா அவரைப் பார்த்தபடி நின்றாள்.

“வரவில்லையா? உன் அன்னையை நினைத்துக்கொள். வரும்.”

அவர் மூன்று முறையும் சொன்னார். அவளுக்கு அழுகை வரவில்லை. ஆனால் அவர் சொல்லும்போதெல்லாம் தர்ஷன் தன் இரண்டு கையாலும் அக்காவின் காதுகளைப் பொத்தினான். அது நன்றாக இருக்கிறது, நாளைக்கும் அப்படியே செய் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த இனியா கேட்டாள்.

“மாமா, நான் அழுவலீன்னா நமக்கு ஊடு கெடைக்காதா?”

மணியன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“இல்ல, ஊட்டுல போயி அழுது பாக்கறேன். அங்க எல்லாரும் பாத்துட்டே இருந்தாங்க,” என்றாள்.

மணியன் சாமி கும்பிடப் போனால் எதையும் கேட்கத் தெரியாமல் கையைக் கூப்பிவிட்டு வருகிறவன். அன்றைக்கு அந்தச் சாலை ஓரத்தில் நின்று, எனக்குப் புத்தி கொடு என்று கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் புத்தி வந்துவிட்டது. அல்லது ஏற்கெனவே இருந்தது.

“நீ அழுவ வேண்டாஞ்சாமி. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் அங்க வரவே வேண்டாம்.”

“அப்ப ஊடு?”

“பாக்கலாம்.”

பார்க்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆடி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளை ரோசியிடம் விட்டுவிட்டு அவன் மட்டும் மண்டபத்துக்குப் போனான். வாசலில் செண்டை மேளம். உள்ளே நாற்காலிகள் நிரம்பியிருந்தன. வீட்டுக்காரர் பூபதிகூட வந்திருந்தார். மேடைக்குப் பின்னால் இளவழகன் வியர்த்துக்கொண்டு நின்றார்.

“பயனாளிகள் எங்கே?”

“வரமாட்டாங்கங்க.”

“காய்ச்சலா? பாதகமில்லை. போர்வையோடு அழைத்து வாருங்கள், இன்னும் சிறப்பாக இருக்கும்.”

“காய்ச்சல் இல்லீங்க. அதுங்குளுக்கு மேடையில உக்கார இஷ்டமில்லை. எனக்கும் இல்லீங்க. அதைச் சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்.”

இளவழகனை அந்த ஊர் அறிந்த நாளிலிருந்து முதல் முறையாக அவருடைய தமிழ் கலைந்தது. “யோவ்! என்னய்யா பேசற? விருந்தாளி கார் பாலத்துல வந்துட்டு இருக்குதுய்யா!”

தலைவர் வந்தார். கோபப்பட்டார், பிறகு கும்பிட்டார். மணியன் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினான். அந்தச் சமயத்தில் தலைவருடைய பேரன் கௌசிக்கும் பேத்தியும் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி ஓடி வந்தார்கள். பேத்தி பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய இனியா, தர்ஷனுடைய வயதும் உயரமும்தான். தலைவர் அவர்களைப் பார்த்தார். இளவழகன் தலைவரைப் பார்த்தார். பயனாளிகளின் முகம் ஊரில் யாருக்கும் தெரியாது. ப்ளெக்ஸைச் சங்கம்தானே அடித்தது.

“அஞ்சு நிமிசம்,” என்றார் தலைவர். “சும்மா உக்காந்திருந்தாப் போதும், கண்ணுகளா.”

ஐஸ்கிரீமைப் பிடுங்கினார்கள். தலையைக் கலைத்தார்கள். கௌசிக்கின் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டார்கள். பட்டுப்பாவாடைக்கு மேலே பந்தல்காரரின் பழைய துணி ஒன்றைச் சுற்றினார்கள். அவர்களுடைய அம்மா சத்யபிரியா அப்போது பந்தியில் இருந்தாள்.

விளக்கு ஏற்றினார்கள். சால்வைகள் போர்த்தினார்கள். போர்த்தியவருக்கும் போர்த்தினார்கள். மணியன் கடைசி வரிசைத் தூணருகே நின்றான். போய்விடத்தான் நினைத்தான். ஆனால் கதவருகே கூட்டம் நெருக்கியது.

தலைவர் பேசினார். “இந்தக் குழந்தைகளை நான் வேத்தாளாவே பாக்கறதில்லீங்க. என்ற சொந்தப் பேரன் பேத்தியாத்தான் பாக்கறேன்!” மண்டபம் கை தட்டியது.

இளவழகன் ‘அனாதை’ என்று மும்முறை முழங்கினார். ஐஸ்கிரீம் போன துக்கத்தில் கௌசிக் முதல் முறைக்கே அழுதுவிட்டான். முன்வரிசையில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சிறப்பு விருந்தினருக்குப் பல ஊர்களில் பள்ளிக்கூடங்கள் உண்டு. கல்வி வள்ளல் என்பது அவருடைய பட்டம். அவர் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

“பணம் யாரு வேணா குடுப்பாங்க. நான் குடுக்க வரலை, எடுத்துட்டுப் போக வந்திருக்கறேன். எந்த விழாவுக்குப் போனாலும் ஒண்ணு ரெண்டு எடுத்துட்டுத்தான் போவேன். இப்படி எங்கிட்ட எத்தனையோ பேரு இருக்கறாங்க. பேரெல்லாம் ஞாபகம் இல்லை, ஆனா எல்லாத்துக்கும் நம்பர் இருக்குது. இந்தப் பொண்ணை கெங்கவல்லியில நம்ம ஆஸ்டல்ல போட்டர்றேன். பையனை நாமக்கல் பக்கம். ஒண்ணா வெச்சா அழுதுட்டே இருக்கும், படிப்பு ஏறாது. பிரிச்சுட்டா நாலு நாள்ல மறந்துரும். நான் நிறையப் பாத்திருக்கறேன். நாளைக்கு, நாளன்னிக்குங்கற பேச்சே இல்லை. இந்த மேடையிலிருந்தே போறோம். வண்டி ரெண்டும் வாசல்ல நிக்குது!”

ஊர் எழுந்து நின்று கை தட்டியது. மணியன் தூணைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தால், இத்தனை கைதட்டலுக்கு நடுவே ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்லியிருப்பான்?

வள்ளலின் ஆட்கள் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கினார்கள்.

“தாத்தா!” என்று கத்தினான் கௌசிக்.

“பாருங்க, தலைவரைத் தாத்தான்னே கூப்பிடுது,” என்றார் வள்ளல் நெகிழ்ந்துபோய்.

தலைவர் மைக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். உண்மையைச் சொன்னால் சங்கம் போகும். சொல்லாவிட்டால் பேரன் போவான். “ஐயா, வந்து, ஒரு வாய் சாப்பிட்டுட்டு...” என்றார். அது யாருக்கும் கேட்கவில்லை. பந்தியிலிருந்து சத்யபிரியா கை கழுவாமல் ஓடி வந்தாள்.

“ஐயோ, என்ற புள்ளைங்க! என்ற புள்ளைங்களை எங்க கொண்டு போறீங்க?”

“சித்தியாட்ட இருக்குது, பாவம்,” என்று தொண்டர்கள் அவளை அன்போடு தடுத்து உட்கார வைத்தார்கள். ஒருவர் சோடா கொண்டு வரச் சொன்னார்.

வாசலில் இரண்டு கார்களும் கதவைத் திறந்து நின்றன. பேத்தியை ஒன்றில் உட்கார வைத்தார்கள். அவள் கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, “தம்பீ! தம்பீ!” என்று அலறினாள். கௌசிக்கை அடுத்த காருக்குள் தள்ளும்போது அவன் கைக்கு எட்டிய முதல் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அது பூபதியின் கழுத்து. நல்ல காரியத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று முன்னால் வந்து நின்றவர் அவர். மணியன் வீட்டுப் பிள்ளைகளை வாசலிலிருந்து ஒரு முறை எட்டிப் பார்த்ததோடு சரி, முகம் அவருக்கு நினைவில் இல்லை.

பிள்ளையை விடுவிக்கப் பார்த்தார்கள். விடுபடவில்லை. அந்தச் சின்னக் கைகள் அவ்வளவு இறுக்கமாக இருந்தன. பூபதி முதலில், “போ கண்ணு, போ” என்று முதுகைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார். “இருங்கப்பா,” என்றார். அவர்கள் இழுத்தார்கள். “இருங்கடா!” என்று கத்தினார். “புள்ளை நடுங்கறது தெரியலியா உங்குளுக்கு?”

அதற்குள் சத்யபிரியா பிய்த்துக்கொண்டு வந்து காருக்கு முன்னால் விழுந்தாள். கழுத்தில் கிடந்த நகையைப் பார்த்த பிறகுதான் அவளைச் சிலருக்கு அடையாளம் தெரிந்தது. தலைவர் வீட்டு மருமகள் என்று ஒருவர் சொன்னார். செண்டை மேளம் நின்றது. இரண்டு பிள்ளைகளையும் இறக்கி அம்மாவிடம் கொடுத்தார்கள்.

“அப்ப அனாதைங்க எங்கே?” என்று வள்ளல் கேட்டார்.

மண்டபத்துக்குள்ளிருந்து ஒலிபெருக்கியில் இளவழகனின் குரல் வந்தது. “அன்பர்கள் அனைவரும் உணவருந்திச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

பிள்ளைகளைப் பிரித்து அனுப்புவது நல்ல யோசனை என்று அந்த ஊரில் பல பேர் சொல்லியிருந்தார்கள். பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பிள்ளை தம்பியைக் கூப்பிட்டு அழுதபோதுதான் அவர்களுக்கு அந்த யோசனையின் சத்தம் கேட்டது. அன்று சாப்பிட்டவர்கள் குறைவு. பூபதி கழுத்தைத் தடவிக்கொண்டே நடந்து போனதை மணியன் பார்த்தான்.

மறுநாள் காலையில் சங்கத்திலிருந்து போன் வந்தது. பயனாளிகள் மேடைக்கு வராததால் நிதி வழங்கும் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது என்றும், தை பிறந்ததும் இன்னும் பெரிய விழா எடுக்கப் போவதாகவும் சொன்னார்கள். மணியன் சரிங்க என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தான். எங்கே போவது என்று தனப்பிரியா கேட்கவில்லை. கேட்டால் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போது பூபதி வந்தார். கூடவே சம்மட்டியும் உளியுமாக ஒரு கொத்தனார்.

“இன்னும் நாலு நாள் இருக்குதுங்களே,” என்றான் மணியன்.

“எதுக்குடா சாக்கைக் கட்டறே? அவுத்து வெய்யி.” பூபதி அவன் முகத்தைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். “இதுக்கு அந்தப் பக்கம் சவரியாரு ஊட்டுப் பின்ரூமு. காத்தாலயே அவர்கிட்டப் பேசிட்டேன். பையன் படுத்த ரூமு சும்மாத்தான் கெடக்குது, புள்ளைங்க படுக்கட்டும்னாரு. இதுல ஒரு வழி உட்டுட்டா நீ இங்கிருந்து பாத்துக்கலாம், அவுங்க அங்கிருந்து பாத்துக்கலாம்.”

“வாடகைங்க?”

“ஓட்டைக்கு யாராச்சும் வாடகை வாங்குவாங்களா?” என்று பூபதி எரிந்து விழுந்தார். அவருக்கு அன்பாகப் பேசிப் பழக்கமில்லை.

கொத்தனார் சம்மட்டியை ஓங்கினார். “எங்கீங்க இடிக்கட்டும்?”

பூபதி வாயைத் திறந்தார். பிறகு அறையின் மூலையில் தம்பியோடு நின்றிருந்த இனியாவைப் பார்த்தார். இந்த ஒரு மாதத்தில் அவளைப் பற்றி எத்தனையோ பேர் பேசியிருந்தார்கள்.

“சாமி, நீதான படுக்கப் போறே. எங்க வழி வேணும், நீ சொல்லு.”

இனியா மாமாவைப் பார்த்தாள். மெல்ல வந்து சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். தன் நெஞ்சு உயரத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். கொத்தனார் அதே இடத்தில் உளியை வைத்து அடித்தார். நாலாவது அடியில் ஒரு செங்கல் அந்தப் பக்கம் போய் விழுந்தது. பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

“அட ஏசுவே!” என்று சுவருக்கு அப்பாலிருந்து ரோசி கத்தினாள். “யாருடா அது? இடிக்கறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டு இடிக்கக் கூடாதா? கொழம்பை இப்பத்தான் இந்த ரூமுல எறக்கி வெச்சேன், பூராவும் மண்ணு!”

தர்ஷன் சிரித்துவிட்டான். பூபதி சட்டென்று பின்னால் நகர்ந்துகொண்டார். இனியா அந்த ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

“ரோசியம்மா, நாந்தான் எடம் காட்டினேன்.”

புழுதிக்கு அப்பால் ரோசியின் முகம் தெரிந்தது.

“நீயா சாமி? அப்பச் சரி. கொழம்பு போனாப் போவுது, இன்னும் கொஞ்சம் பெருசா இடிக்கச் சொல்லு.”